தயிர்க் கூடையில் போன கப்பல்கள்

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் யோகலிங்கம் ஐயாவின் வீட்டுக்குத் தயிர் கொண்டு போகும்போது, கேற்றைத் திறக்க முந்தியே அவர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும். செருப்புச் சத்தம் கேட்கும். விறாந்தையில் இருந்து குசினிக்கு நடப்பார், குசினியில் இருந்து விறாந்தைக்கு நடப்பார். தேத்தண்ணீரைப் பாதி குடிப்பார், எழும்புவார், ஜன்னலால் துறைமுகத்தைப் பார்ப்பார். மீதி அங்கேயே ஆறிப்போய்க் கிடக்கும்.

"நானா, ராத்திரி சத்தம் கேட்டதோ?" என்று என்னைக் கேட்பார்.

"கேட்டது ஐயா."

"எந்தப் பக்கம்?"

"கடல் பக்கமாத்தான் கேட்டது."

"நான் சம்பூர்ப் பக்கமெண்டு நினைச்சன். கடலெண்டா வேற கதை. வேற கதை நானா." சொல்லிக்கொண்டே மறுபடியும் நடப்பார்.

அவருடைய மனைவி அன்னலட்சுமி அம்மா தயிர்ச் சட்டியை வாங்கிக்கொண்டு சிரிப்பார். "இவர் ஒரு இடத்தில நிண்டதை நான் கலியாணப் படத்திலதான் கண்டனான். அதிலயும் தலை ஆடிப்போய்க் கிடக்கு."

அவர் மட்டும் அப்படி இல்லை. அந்தக் காலத்தில் திருகோணமலையில் நிம்மதியாக உட்கார்ந்தவர்கள் குறைவு. ஆனால் ஐயாவுக்கு அது பிறவிக் குணம். யுத்தம் அதைக் கூட்டிவிட்டது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட மனிதர் அசையாமல் இருக்கிற இடம் ஒன்று இருந்தது. அது அறை மூலையில் இருந்த பழைய கம்பியூட்டருக்கு முன்னால். மஞ்சள் பிடித்துப்போன பெரிய பெட்டி. அதில் ஒரு கப்பல் விளையாட்டு. நீலக் கடல், அதில் பொட்டுப் பொட்டாகத் தீவுகள், தீவுக்குத் தீவு பாய்மரக் கப்பல்கள். ஒரு தீவில் மிளகு விளையும், ஒன்றில் நெல், ஒன்றில் மரம். துறை கட்டலாம், வியாபாரம் செய்யலாம், சண்டையும் பிடிக்கலாம். இரண்டு பேர் ஆடுவது. ஒருவர் தன் முறையை ஆடி முடித்த பிறகுதான் மற்றவர் ஆடலாம்.

மற்றவர் எங்கள் ஊர் ஹிஸ்புல்லா சேர். கிண்ணியாவில் பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னால் வீடு. இரண்டு பேரும் முன்பு நகரத்தில் ஒரே அரசாங்க அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்து வரைபடம் வரைந்தவர்கள். அந்த அலுவலகத்துக்கு முதல் கம்பியூட்டர் வந்தபோது, வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் விட்டுப்போன விளையாட்டு இது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தது. பிறகு ஹிஸ்புல்லா சேருக்குக் கிண்ணியாவுக்கு மாற்றம் வந்தது. அலுவலகம் பழைய கம்பியூட்டர்களைக் கழித்து விற்றபோது ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள். ஆட்டம் நிற்கவில்லை. முறை முடிந்ததும் அதைப் பிளொப்பி என்கிற சதுரத் தட்டில் ஏற்றி, என்னிடம் தருவார்கள். நான் தயிர்க் கூடையின் அடியில் பொலித்தீன் பையில் சுற்றி வைத்துக்கொண்டு போவேன். ஒரு கிழமை அங்கிருந்து இங்கே, மறு கிழமை இங்கிருந்து அங்கே.

கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம் அது. கரைக்குக் கரை பாதை ஓடும். பாதை என்று நாங்கள் சொன்னது ரோட்டை அல்ல, சனத்தையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற பெரிய மிதவையை. இரண்டு கரையிலும் சோதனை உண்டு. ஆமிக்காரர் சட்டி மூடியைத் திறந்து பார்ப்பார்கள், பிளொப்பியைத் தூக்கிப் பார்ப்பார்கள். "கேம் சேர், கேம்" என்பேன். பழகிய முகம் என்பதால் விட்டுவிடுவார்கள். அல்லாஹ்வின் காவல்.

அந்த விளையாட்டில் அவர்கள் இருவரும் எதிரிகள் அல்ல. தொடக்கத்திலேயே உடன்படிக்கை செய்துகொண்டார்கள். தைப்பொங்கல் கிழமையில் ஹிஸ்புல்லா சேர் ஒரு கப்பல் நெல் அனுப்புவார். பெருநாள் கிழமையில் ஐயா ஒரு கப்பல் மிளகு அனுப்புவார். விலை கிடையாது. பிளொப்பியில் கடிதம், கதை ஒன்றும் வைக்கக் கூடாது என்பதும் அவர்களுடைய ஒழுங்கு. முறை மட்டும்தான் போகும், முறை மட்டும்தான் வரும்.

"கதை வேணுமெண்டா நேர வந்து கதைக்கட்டும்" என்பார் ஹிஸ்புல்லா சேர்.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம் எல்லாம் குழம்பியது. சித்திரையில் நகரத்தில் கலவரம். ஆவணியில் மூதூரில் புலிகளுக்கும் ஆமிக்கும் சண்டை. மூதூர் முஸ்லிம் சனம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டது. கிண்ணியாவில் பள்ளிக்கூடம், பள்ளிவாசல், வீட்டு முற்றம் எல்லாம் சனம். ஹிஸ்புல்லா சேரின் தங்கை றுக்கியாவும் பிள்ளைகளும் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். அவளுடைய புருஷன் ஸஹாப்தீன் வரவில்லை. நடந்து வந்த வழியில் ஷெல் விழுந்தது. எந்தப் பக்கத்து ஷெல் என்று யாருக்குத் தெரியும்? இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இந்தச் செய்தியை ஐயாவுக்குச் சொன்னவனும் நான்தான். அவர் நடப்பதை நிறுத்தினார்.

"ஸஹாப்தீனோ? என்ர கலியாணத்துக்கு மூதூரிலயிருந்து சாக்கு நிறைய நண்டு கொண்டு வந்தவன். உயிர் நண்டு. பந்தலுக்குள்ள ஓடித் திரிஞ்சது."

"நீங்க ஒருக்காப் போயிட்டு வரலாமே ஐயா?"

"போகத்தான் வேணும். பாதை ஓடத் தொடங்கட்டும்."

பாதை சில நாள் நின்று, பிறகு ஓடியது. முதல் நாளே நான் தயிரோடு வந்தேன். ஐயா உடுப்பு மாற்றிக்கொண்டு ஆயத்தமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் பிளொப்பியைக் கையில் தந்தார். அந்த முறையில் ஒரு கப்பல் மிளகு விற்றிருந்தார்.

அன்னலட்சுமி அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "செத்த வீட்டுக்குப் போகாம உதைக் குடுத்து விடுறியளே? உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு?"

"என்ர முறை வந்திட்டுது அன்னம். அது போய்ச் சேர்ந்தா அவனுக்கு விளங்கும், நான் அவனோட நிக்கிறன் எண்டு."

"மிளகு வித்தா விளங்குமோ?"

செருப்புச் சத்தம் தொடங்கியது.

நான் கொண்டு போய்க் கொடுத்தேன். இரண்டு கிழமை ஒன்றும் திரும்பி வரவில்லை. அந்த இரண்டு கிழமையும் ஐயா கேற்றடியிலேயே நின்றார்.

"தந்தவனோ?"

"இல்ல ஐயா. அவர்ட பழைய கம்பியூட்டர் எரிஞ்சு போச்சு. கரண்ட் கூடி வந்து எரிஞ்சதாம். கட்டார்ல இருக்கிற மகன் சாமான் அனுப்பி, புது மிஷின் ஒண்டு வந்திரிக்கி. அதில இது சரியா வேலை செய்யல்லயாம்."

"புதுசெண்டா விண்டோஸ் எக்ஸ்பியா இருக்கும். அதில பழைய விளையாட்டு சண்டித்தனம் பண்ணும்." அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "அப்ப மிஷினாலதான் சுணங்கியிருக்கு. வேற ஒண்டுமில்லை."

மூன்றாம் கிழமை பிளொப்பி வந்தது. அவர் அதை அங்கேயே என் முன்னாலேயே கம்பியூட்டரில் போட்டார். பெட்டி முனகியது. திரை கறுத்து, பிறகு சிவந்தது. முரசு மாதிரி ஒரு சத்தம். சிவப்புக் கொடி ஒன்று ஆடியது. கீழே இங்கிலீசில் எழுத்து.

"என்ன ஐயா?"

"என்னோட சண்டை எண்டு அறிவிச்சிருக்கிறான்." எழும்பினார். இருந்தார். மறுபடி எழும்பினார். "உடன்படிக்கையை முறிச்சிட்டான். பெரிய துறைக்குக் கப்பல் அனுப்பியிருக்கிறான்."

எனக்கு அது விளையாட்டு. அவருக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நானா, அவன் இதைத் தரேக்க முகம் எப்பிடி இருந்தது?"

"மையத்து வீட்டு முகம் ஐயா. சாவு விழுந்த வீடு, வேற எப்பிடி இருக்கும்?"

"என்ன சொன்னவன்?"

"'குடுங்க' எண்டார்."

"'குடுங்க' எண்டோ, 'குடுத்திடுங்க' எண்டோ?"

"ஐயா, ஒரு டெலிபோன் எடுத்து அவரிட்டயே கேட்டாச் சரிதானே?"

"என்னெண்டு கேக்கிறது? உன்ர மச்சான் செத்தது பெரிய துக்கம், அது கிடக்க, நீ ஏன் என்ர துறைக்குக் கப்பல் விட்டனி எண்டோ?"

அன்று என்னை வேறு வீட்டுக்குப் போகவிடவில்லை. கூடையை விறாந்தையில் வைக்கச் சொல்லி, விளையாட்டுப் பிளொப்பியோடு கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கமலேஸ்வரி என்கிற அம்மா அங்கே கம்பியூட்டர் கடை நடத்தினார். தட்டெழுத்து, போட்டோக்கொப்பி, ஈமெயில் எல்லாம். வாய் கொஞ்சம் கூர்மை. நல்ல மனிசி.

"அண்ணை, இது பழங்காலச் சாமான். எக்ஸ்பியில ஓடாது."

"ஹிஸ்பு ஓட்டியிருக்கிறான். அவன் எப்பிடி ஓட்டினான் எண்டு நான் பாக்க வேணும்."

"ஏன்?"

"பாக்க வேணும்."

அந்த அம்மா எதையோ திறந்து எதையோ தட்டினார். "பழைய விண்டோஸ் மாதிரி நடி எண்டு இதுக்குச் சொல்லலாம். நடிச்சாப் பாப்பம்."

நடித்தது. கடல் வந்தது. சத்தம் இல்லை. ஆனால் கப்பல்கள்! மண்ணெண்ணெய் ஊற்றிய எறும்பு மாதிரி ஓடின. ஒரு கரையில் கண்டது கண் மூடித் திறக்க மறு கரையில். மேகம் வந்த வேகம் தெரியாமல் போனது. எனக்குத் தலை சுற்றியது.

"இது ஏன் இப்பிடி ஓடுது?" என்றேன்.

ஐயா எனக்கு விளங்கும்படி சொன்னார். "இந்த விளையாட்டு மணிக்கூட்டைப் பாத்து ஓடுறதில்லை நானா. மிஷின்ர மூச்சைப் பாத்து ஓடுறது. பழைய மிஷின் ஆறுதலா மூச்சு விட்டது. புதுசு நாய் இளைக்கிற மாதிரி விடுது."

"உங்களை மாதிரி எண்டு சொல்லுங்கோ" என்றார் கமலேஸ்வரி அம்மா.

அவர் காதில் விழுத்தவில்லை. திரையில் ஒரு பட்டியலைத் திறந்தார். மேலே வியாபாரம், அதற்குக் கீழே உதவி, அதற்குக் கீழே உடன்படிக்கை, அடியில் போர் என்று வாசித்துக் காட்டினார். வியாபாரத்தில் இருந்து உதவிக்கு இறங்க ஒரு பொத்தானை ஒரே ஒருமுறை தொட்டார். வெள்ளைக் குறி கீழே பாய்ந்து அடியில் போய் விழுந்தது. மறுபடி செய்தார். மறுபடி அடியில். அவர் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினார்.

"பாத்தியளோ நானா! மிஷின்! அவன் உதவியெண்டு அமத்தியிருக்கிறான், இது போருக்குப் போயிருக்கு. ஐயோ, நான் அவனைப் பற்றி என்னவெல்லாம் நினைச்சிட்டன்." சிரித்துக்கொண்டே குனிந்து, போர் என்பதன்மேல் அமத்தினார்.

எல்லாம் நின்றது. கப்பல், மேகம், அலை, ஒன்றும் அசையவில்லை. நடுவில் ஒரு சின்னப் பெட்டி. ஒரு வரி எழுத்து.

"என்ன கேக்குது?" என்றேன்.

"நிச்சயமா எண்டு கேக்குது." அவர் குரல் இறங்கிப் போயிருந்தது. "ஓமெண்டா ஒரு எழுத்து, இல்லையெண்டா ஒரு எழுத்து."

அவர் எதையும் அமத்தவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார். கமலேஸ்வரி அம்மா யாருக்கோ அடையாள அட்டை போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். பெட்டி அப்படியே நின்றது.

"இது மட்டும் ஏன் ஓடேல்ல?"

"இது கேள்வி அண்ணை. நீங்கள் மறுமொழி சொல்லும் வரைக்கும் நிக்கும்."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"கரண்ட் போகும் வரைக்கும்."

அவர் மெதுவாக உட்கார்ந்தார். முதல் தரம் மிஷின். இரண்டாம் தரம்? அதைத்தான் அவர் யோசிக்கிறார் என்று எனக்கும் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில், "இந்த வேகத்தைக் குறைக்க ஏலாதோ?" என்று கேட்டார்.

"நெட்டில ஒரு சின்னப் புரோகிராம் இருக்கு. புது மிஷினுக்குள்ள பழைய மிஷின் ஒண்டைச் செய்து காட்டும். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இறக்கத்தான் நேரமெடுக்கும், லைன் சரியில்லை."

"இறக்கித் தாங்கோ. சீடியில போட்டுத் தாங்கோ. நாளைக்குக் கிண்ணியாவுக்குப் போறன்."

"இப்பவோ? விசரோ உங்களுக்கு? மூதூர்ச் சனம் முழுக்க அங்க. உங்களைக் கண்டா..."

"முனாப் நானா வருவார்" என்றார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த நாள் சுபஹுத் தொழுதுவிட்டு நகரத்துக்கு வந்து, தயிரைக் கொடுத்து முடித்து, அவரோடு பஸ் ஏறினேன். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். கொஞ்சம் குறைத்திருக்கலாமே என்று நினைத்தேன், சொல்லவில்லை. துறையடியில் ஒரு ஆமிக்காரர் சீடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன?"

"கேம் சேர்" என்றேன்.

அவர் ஐயாவின் நரைத்த தலையைப் பார்த்தார். "நீங்க? கேம்?" பக்கத்தில் நின்றவரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். விட்டுவிட்டார்கள். ஐயாவின் சட்டை முதுகில் ஒட்டிப் போயிருந்தது.

பாதையில் சனம் அவரைப் பார்த்தது. ஒருவர் என் காதுக்குள் கேட்டார். "ஆரு இவரு?"

"ஹிஸ்புல்லா சேர்ட கூட்டாளி. மையத்து வீட்டுக்கு வாறார்."

"இப்பவா?"

அந்த ஒரு சொல் ஐயாவுக்குக் கேட்டுவிட்டது. அக்கரை சேரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருகால் மாற்றி ஒருகால் நின்றார்.

ஹிஸ்புல்லா சேர் வீட்டு முற்றத்தில் பாய் விரித்துச் சனம் இருந்தது. கொடியில் உடுப்பு, அடுப்பில் பெரிய பானை, எங்கும் பிள்ளைகள். உள்ளே ஒரு அறை வாசலில் சீலை தொங்கியது. றுக்கியா இத்தாவில் இருந்தாள். புருஷன் மவுத்தான பெண் அந்நிய ஆண்களுக்கு முன் வராமல் ஒதுங்கி இருக்கிற காலம் அது.

ஹிஸ்புல்லா சேர் சாரத்தோடு வாசலில் நின்றார். தாடி நரைத்துப் போயிருந்தது. "வா" என்றார். அவ்வளவுதான்.

ஐயா படியேறினார். வாயைத் திறந்தார், மூடினார். கடைசியில், "மிஷினைப் பாக்க வந்தனான்" என்றார்.

யா அல்லாஹ், இதைச் சொல்லவா மனிதர் இவ்வளவு தூரம் வந்தார்!

"மிஷினையா?" ஹிஸ்புல்லா சேர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தா இரிக்கி. பாரு."

முன்னறையில் புதுக் கம்பியூட்டர். ஐயா நேரே போய் உட்கார்ந்து சீடியைப் போட்டார். பிள்ளைகள் வந்து மொய்த்தார்கள். ஒரு மூத்த பெண், "மையத்து வீட்டில வெளையாட்டா?" என்று முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. ஹிஸ்புல்லா சேர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐயா திரைக்குக் கிட்டக் குனிந்தார். எதையோ கூட்டினார், எதையோ குறைத்தார். கடல் வந்தது. கப்பல்கள் ஆறுதலாக, பழையபடி ஆடி ஆடிப் போயின.

"சரி வந்திட்டுது" என்றார் ஐயா.

அப்போதுதான் முழங்கியது.

எக்ஸ்பியில் இல்லாமல் போயிருந்த சத்தம் இப்போது திரும்பி வந்திருந்தது. பெரிய துறையில் பீரங்கி வெடித்தது. கட்டாரில் இருந்து வந்த பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டும் அதிர்ந்தன. ஒரு வெடி, அதற்குப் பின் இன்னொன்று. முற்றத்தில் பெண்கள் அலறினார்கள். பிள்ளைகள் சொல்லிக் கொடுத்த மாதிரி ஒரே நேரத்தில் நிலத்தில் குப்புற விழுந்தார்கள். நானும் விழுந்தேன். பானை உருண்டது. ஐயாவும் ஹிஸ்புல்லா சேரும் கம்பியூட்டர் மேசைக்குக் கீழே, தலையோடு தலை முட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

மூன்றாவது வெடி. பிறகு முரசு.

"மச்சான்" என்றார் ஐயா.

"ம்."

"இது விளையாட்டின்ர சத்தம்."

"தெரியும்."

"அப்ப ஏன் படுத்துக் கிடக்கிறாய்?"

"நீ ஏன் கிடக்கிறாய்?"

ஐயா கையை மேலே நீட்டித் தடவி, ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார். வீடு அமைதியானது. ஒரு குழந்தை மட்டும் விம்மிக்கொண்டிருந்தது. அவர்கள் வெளியே வரவில்லை. நான் பக்கத்தில் கிடந்ததால் எல்லாம் கேட்டது.

"லிங்கம், முதல் தரம் கை தவறினது. அது ஓடின ஓட்டத்தில எங்க போய் நிண்டது எண்டே தெரியா."

"தெரியும். கமலேஸ்வரியின்ர கடையில பாத்தனான்."

"பொறகு அது கேட்டது."

ஐயா மேசைக்கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"நிச்சயமா எண்டு கேட்டது. நான் பாத்துக்கிட்டே இருந்தன். மையத்துக்கு வராத ஆளில்ல. கால் ஏலாத கிழவனத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. நீ வரல்ல. ஒன்ட பிளொப்பி வந்தது. மொளகு விக்கிறியாடா நீ, இந்த வீட்டுக்கு? அமத்திட்டன்."

"அது போனா உனக்கு விளங்குமெண்டு நினைச்சனான்."

"என்ன விளங்கும்?"

"நான் இருக்கிறன் எண்டு."

"நீ இருக்கிறது எனக்குத் தெரியாதா? ஓர்ஸ் ஹில்லில இரிக்கா. நான் கேட்டது இங்க."

"பயந்து போனனான் ஹிஸ்பு."

"எதுக்கு?"

"றோட்டுக்கு. செக்பொயின்ருக்கு." பிறகு மெதுவாக, "உங்கட சனத்துக்கும்தான்."

"எங்கட சனம் ஒன்ன என்ன செய்யும்? சோத்தப் போட்டே கொல்லும்."

சொல்லிவிட்டு ஹிஸ்புல்லா சேர் சிரிக்கவில்லை. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

சீலைக்குப் பின்னால் இருந்து தமையனைக் கூப்பிடும் குரல் வந்தது. "காக்கா! என்ன சத்தம் அது? திரும்பவும் வந்திட்டாங்களா?"

"ஒண்டுமில்ல றுக்கியா. வெளையாட்டுச் சத்தம். லிங்கம் வந்திரிக்கான்."

"வெளையாட்டா? என்ட புள்ளையளுக்கு ஈரல் அந்து போச்சு, ஒங்கட வெளையாட்டில மண் விழ!" பிறகு ஒரு நொடி கழித்து, "ஆரு, லிங்கம் அண்ணனா?"

ஐயா மேசைக்குக் கீழே இருந்து வெளியே வந்தார். தலை மேசையில் இடித்தது. அவர் தடவக்கூட இல்லை. சீலைக்கு இந்தப் பக்கம் போய் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டினார், பிறகு அவிழ்த்தார்.

"தங்கச்சி, நான் பிந்தி வந்திட்டன்."

உள்ளே அழுகை தொடங்கியது. முற்றத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஐயா அந்த அழுகை ஓயும்வரை அந்த இடத்திலேயே நின்றார். அது நீண்ட நேரம். நான் அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போய் வந்தேன். அப்போதும் நின்றுகொண்டிருந்தார், ஒரு பிள்ளை அவர் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது.

பிறகு சோறு வந்தது. சொன்னபடியே போட்டார்கள். ஹிஸ்புல்லா சேர் மட்டும் பிசைந்துகொண்டே இருந்தார்.

"பழைய முறை மிஷின்ல இரிக்கி லிங்கம். அதப் போட்டு, இத அழிச்சிடுவம். ஒண்டும் நடக்காத மாதிரி."

"அழிக்கக் கூடாது."

"ஏன்?"

"அமத்தினது அமத்தினதுதான். நீயும் அமத்தினாய், நானும் வராமல் விட்டனான். சமாதானம் வேணுமெண்டா கேள். நான் விலை சொல்லுறன்."

"விலையா? எனக்கா?"

"உனக்குத்தான். ஆர் சண்டையைத் தொடக்கினது?"

ஹிஸ்புல்லா சேர் அவரைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்து, "பாருங்க நானா, ஒரு பிடி சோறு எறங்கினதும் வாயப் பாருங்க" என்றார். அந்த வீட்டில் அன்றைக்கு அவர் சாப்பிட்ட முதல் கவளம் அதற்குப் பிறகுதான் வாய்க்குப் போனது.

பாதை நிற்க முந்தி வெளிக்கிட்டோம். தனியே விட மனமில்லாமல் ஹிஸ்புல்லா சேரும் துறையடிவரை வந்தார். இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டே நடந்தார்கள்.

"மரத் தீவைத் தா. சமாதானம்."

"மரத் தீவா? அதில எத்தின துறை கட்டி வச்சிரிக்கன் தெரியுமா? ஏலா."

"அப்ப நெல்லுத் தீவு."

"நெல்லு எங்கட சீவனம்டா. இப்ப சனமும் கூடிப்போச்சு."

"அப்ப என்னதான் தருவாய்?"

"ஒரு கப்பல் தாறன். பழசு."

"ஓட்டைக் கப்பலை உன்ர தலையில கட்டு!"

வழியில் பாய் விரித்திருந்த மூதூர்ச் சனம் தலையைத் தூக்கிப் பார்த்தது. இது எந்தக் காணிச் சண்டையோ என்று நினைத்திருப்பார்கள். ஒரு கிழவர் மத்தியஸ்தம் பேச எழும்பியும் விட்டார். நான் கையைக் காட்டி இருத்தினேன்.

பாதை அசைந்தது. ஹிஸ்புல்லா சேர் கரையில் நின்று சாரத்தை மடித்துக் கட்டினார்.

"வர்ற கிழமை நானே பிளொப்பி கொண்டு வாறன். நேர வாறன்" என்று கத்தினார்.

"தீவோட வா!" ஐயாவும் கத்தினார். "இல்லாட்டிச் சண்டைதான்! விடமாட்டன், சண்டைதான்!"

கரையில் நின்ற ஆமிக்காரர் சட்டென்று திரும்பினார். துவக்கின் வாய் கொஞ்சம் எழும்பியது. "என்ன சண்டை? யார் சண்டை?"

பாதையில் நின்ற சனம் முழுவதும் மூச்சைப் பிடித்தது. நான் ஐயாவின் சட்டையைப் பிடித்து இழுத்துப் பலகையில் இருத்தினேன். "கேம் சேர்! கேம்!" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். கரையில் ஹிஸ்புல்லா சேரும் அதையேதான் கத்திக்கொண்டிருந்தார். நடுவில் தண்ணீர் அகன்றுகொண்டே போனது.

ஐயா இருந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் கையை விலக்கிவிட்டு எழும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, இந்தமுறை வாய் திறக்காமல், மரம் வெட்டுகிற மாதிரி கையை ஆட்டிக் காட்டினார். மரத் தீவுதான் வேணுமாம். அந்தக் கரையில் ஹிஸ்புல்லா சேர் இரண்டு கையையும் விரித்து ஆட்டினார். ஏலாதாம்.